பக்கத்துக் கூடமும் பழைய கள்ளுக்கடையும்

உடம்பைப் பேணவேண்டும் என்று சொல்லாதார் உலகத்தில் இல்லை. சொன்னபடி செய்வார் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால் ஒரு கை விரல்களே மிஞ்சிப்போகும். சொல்வதோடு நின்றவர் கூட்டத்தில் நானும் ஒருவனாக முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். சென்ற ஆண்டு ஒரு சிறு காகிதத் துண்டு என்னை அக்கூட்டத்திலிருந்து வெளியே பிடித்துத் தள்ளியது. தள்ளிய இடத்தில் ஒரு கேள்வி காத்திருந்தது. பணம் கொடுத்து அருகிலுள்ள தேகாப்பியாசக் கூடத்துக்குப் போவதா, பணமின்றித் தொலைவிலுள்ள கூடத்துக்குப் போவதா? அற்பமான கேள்விதான். ஆயினும் அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடக் கருதுகிறேன்.

நான் வசிப்பது பாரிட் புந்தார். பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் இது. எதிர்க்கரையில் கெடாவின் பண்டார் பாரு. சற்றுக் கீழே இறங்கினால் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கும் இடம். அக்கரையிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. காலைப் பெரட்டில் பெயர் எடுப்பதும், குலைகளின் எடையைப் பதிவதும், கூலிக் கணக்கு முடிப்பதும் என் தொழில். என் தந்தையாரும் கிராணியே. என்னை எப்படியும் ஆங்கிலத்தில் படிக்கவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய தவம். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய 2003 ஆம் ஆண்டில்தான் நான் இடைநிலைப் பள்ளியின் முதற் படிவத்தில் சேர்ந்தேன். எனவே எண்களை ஆங்கிலத்தில் எண்ணுவேன். துக்கத்தை மட்டும் தமிழில் எண்ணுவேன்.

அக்காகிதத் துண்டு சுகாதார நிலையத்தில் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 விழுக்காடு என்று அதில் கண்டிருந்தது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 6.3 ஐத் தொட்டால் நீரிழிவு நோயாளி. "இன்னும் வாசற்படி தாண்டவில்லை; ஆனால் படியில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்" என்றார் மருத்துவ அம்மையார். மருந்து எழுதவில்லை. வாரத்தில் 150 நிமிடமேனும் உடலை வருத்துங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும் அதுவே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையார் ஒரு காலை இழந்த பின் நான்கு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்திருந்தவர். முதலில் பெருவிரல், பின்னர் பாதம், பின்னர் முழங்காலுக்குக் கீழே. பேரேட்டில் பற்று எழுதுவதுபோல் நோய் அவருடைய தேகத்தைச் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டே வந்தது. அறுபத்தொன்றாம் வயதில் கணக்கு முடிந்தது. இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31.4. மூவருள் ஏறக்குறைய ஒருவர்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் இந்தக் கிரியான் வட்டாரம் கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இங்கே கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது கரும்பு வெட்டவும் சீனி காய்ச்சவுமே. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1910 இல் ஒப்பந்த முறையும் ஒழிந்தது. ஆனால் சீனி மட்டும் எங்களை விடவில்லை. தோட்டத்தைவிட்டு இரத்தத்துக்குள் குடிபுகுந்துவிட்டது.

ஆகவே தேகாப்பியாசம் செய்வதென்று முடிவு செய்தேன். எங்கே செய்வது?

பட்டணத்தில் கூடம் ஒன்று உண்டு. என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் மூன்று நிமிடம். குளிர்சாதனம், சுவர் முழுதும் கண்ணாடி, ஓடும் பட்டை, எடைக் கருவிகள் எல்லாம் உண்டு. மாதச் சந்தா 90 வெள்ளி. மற்றொரு கூடத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் இளைஞர் ஒருவர் பலமுறை சொல்லியிருந்தார். "கிராணி ஐயா, எங்க ஆசான் ஒரு காசு வாங்கமாட்டாரு. ஒரு நாளைக்கு வந்து பாருங்களேன்" என்பார். அது பாகன் செராயைத் தாண்டிச் செமங்கோல் போகும் வழியில், உள்ளே ஒரு பழைய தோட்டத்தில் இருந்தது. என் வீட்டிலிருந்து 23 கிலோமீட்டர்.

கிராணியின் கை சும்மா இராது; உடனே ஐந்தொகை போட்டேன். போக வர 46 கிலோமீட்டர். என் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ இரண்டு வெள்ளி. வாரம் மூன்று நாளாக மாதம் பன்னிரண்டு தடவைக்கு 24 வெள்ளி. எண்ணெய், டயர்த் தேய்மானம் ஆறு வெள்ளி. ஆக இலவசக் கூடத்துக்குச் செலவு 30 வெள்ளி, மிச்சம் 60. அந்த 60 வெள்ளியை மிச்சம் பிடிக்கச் சாலையில் நான் கழிக்கவேண்டிய நேரமோ மாதம் 14 மணி. மணிக்கு 4 வெள்ளி 30 காசுகூடத் தேறவில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. இலவசக் கூடத்துக்குப் போனால் என் ஓய்வு நேரத்தைக் குலை வெட்டுபவரின் கூலியில் பாதிக்கு நானே விற்றவன் ஆவேன்! கணக்கு ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்புக் கூறியது. பட்டணத்துக் கூடத்தில் பணத்தைக் கட்டினேன்.

முதல் மாதம் பதினொரு தடவை போனேன். இரண்டாம் மாதம் ஆறு. மூன்றாம் மாதம் மூன்று. நான்காம் மாதம் இரண்டே தடவை. அம்மாதம் நான் அங்கே எடைக்கட்டையைத் தூக்கிய ஒவ்வொரு நாளுக்கும் 45 வெள்ளி கொடுத்திருக்கிறேன் என்று பொருள். கூடத்தின்மேல் யாதொரு குற்றமும் இல்லை. கருவிகள் ஒழுங்காக இருந்தன. பணியாளர் மரியாதையாக இருந்தனர். குற்றம் 'அருகில்' என்ற சொல்லிலேயே இருந்தது. அருகில்தானே இருக்கிறது, நாளை போகலாம். மூன்று நிமிடந்தானே, மழை விடட்டும். எந்நேரமும் போகக்கூடிய இடத்துக்கு எந்நேரமும் போகாமல் இருக்கலாம். நான் வராததை அங்கே எவரும் கேட்கவும் இல்லை. சந்தா மட்டும் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருந்தது.

இந்த மடமை எனக்கு மட்டும் உரியதன்று என்று பின்னர் அறிந்து சிறிது ஆறுதல் அடைந்தேன். அமெரிக்காவில் தெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2006 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மூன்று தேகாப்பியாச நிலையங்களில், மூன்றாண்டுக் காலத்தில், 7,752 உறுப்பினரின் வருகைப் பதிவை அவர்கள் ஆராய்ந்தார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவையே வந்திருந்தனர். தடவை ஒன்றுக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே நிலையத்தில் தடவைக்குப் பத்து டாலர் வீதம் சீட்டு வாங்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது! மனிதன் தன் எதிர்காலத்தைத் தன்னைவிட நல்லவனாகக் கற்பனை செய்துகொள்கிறான். அந்த நல்லவனுக்காக இன்று பணம் கட்டுகிறான். நாளை வருபவனோ பழைய ஆள்தான். சாத்திரம் படித்த அமெரிக்கனுக்கே இக்கதி என்றால், பாரிட் புந்தார்க் கிராணி எம்மாத்திரம்?

ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வெட்கத்தோடு டிராக்டர் இளைஞரின் பின்னால் வண்டியை விட்டேன்.

பாகன் செராய்ச் சாலையின் இருபுறமும் வயல். புக்கிட் மேராவில் நீரைத் தேக்கி வாய்க்கால் வழியே கொண்டுவரும் பாசனத் திட்டம் 1906 இல் முடிந்ததிலிருந்து இவ்வட்டாரம் பேராக்கின் நெற்களஞ்சியமாக விளங்கிவருகிறது. நாற்று நட்ட நேரம். நீர்ப்பரப்பில் செமங்கோல் மலை தலைகீழாகத் தெரிந்தது. பின்னர்ச் சாலையைவிட்டுச் செம்மண் பாதையில் இறங்கினோம். பழைய ரப்பர்த் தோட்டம் இப்போது செம்பனை. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, அங்கே இருந்த குடும்பங்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குச் சிதறிவிட்டன. மிஞ்சியவை ஒரு கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரையிட்ட ஒரு நீண்ட கட்டடம்.

"இது என்ன கட்டடம்?" என்றேன்.

"கள்ளுக்கடைங்க ஐயா" என்றார் இளைஞர்.

ஆம், கள் அளந்து கொடுத்த சிமிட்டித் திண்ணை இன்னும் அப்படியே இருந்தது. அதன்மேல் கர்லாக்கட்டைகள் வரிசையாக நின்றன. மூலையில் சிலம்பக் கம்புகள். பால் தகரத்தில் சிமிட்டி ஊற்றி இரும்புக் குழாய் செருகிச் செய்த எடைகள். முப்பது பேர் இருப்பார்கள். தொழிற்சாலை இளைஞர்கள், லாரி ஓட்டுநர்கள், பள்ளிப் பிள்ளைகள். ஒருபுறம் தண்டால், ஒருபுறம் பஸ்கி. எழுபதைத் தாண்டிய ஆசான், ஒரு காலத்தில் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கையில் துண்டோடு நடுவே நின்றார்.

என்னைக் கண்டதும் ஆரவாரம் அடங்கிற்று. "கிராணி ஐயா வந்திருக்காரு" என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொன்னார். ஒரு பையன் ஓடிப்போய் அங்கிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எல்லாரும் ஒரு தகரக் குவளையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் கிளாசு வந்தது.

நேயர்களே, நான் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். அந்தக் கண்ணாடிக் கிளாசில் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அதில் எனக்கு யாதொரு தவறும் தோன்றவில்லை. இதைத்தான் நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்று தொடக்கத்தில் கூறினேன்.

கிளாசைக் கீழே வைத்தபோது என் தந்தையாரின் குரல் காதில் கேட்டது. "லயத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போகாதே. நீ கிராணி வீட்டுப் பிள்ளை." அவருடைய தந்தையார், என் பாட்டனார், அத்தகைய லயத்தில் பிறந்து பால்மரம் வெட்டியவர்தாம். ஒரே தலைமுறையில் ஒரு வேலியை எழுப்பி, அதற்குக் காவலும் போட்டுவிட்டோம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடையில் பேசினால் நானும் கை தட்டுவேன். ஆனால் பெரட்டுக் களத்தில் பேரேட்டைப் பிடித்த கை மட்டும் தன்னை வேறு சாதியாகவே எண்ணிவந்திருக்கிறது.

அப்போது என் ஐந்தொகையை மீண்டும் நினைத்தேன். பெட்ரோலை எழுதினேன், தேய்மானத்தை எழுதினேன், மணிக்கூலியை எழுதினேன். ஓர் இனத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். நான் பட்டணத்தில் கட்டிய 90 வெள்ளி மூன்று நிமிடத் தூரத்துக்காக மட்டும் கொடுத்தது அன்று. நான் பெயர் எடுக்கும் ஆட்களோடு சேர்ந்து நின்று வேர்க்காமல் இருப்பதற்காகவும் கொடுத்தது. குறைந்தபட்சச் சம்பளக்காரரின் ஒரு நாட்கூலிக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுத்து, அவரிடமிருந்து விலகி நிற்கும் உரிமையை மாதந்தோறும் வாங்கிவந்திருக்கிறேன். 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டபோதே என் மூக்குச் சுளித்ததன் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

ஆசான் அருகில் வந்தார். "தம்பி, இங்கே காசு கேட்கிறதில்லை. ஆனா ஏழு மணின்னா ஏழு மணி. வரலேன்னா ஆள் விட்டுக் கேட்பேன்" என்றார். 'தம்பி' என்றார், 'கிராணி ஐயா' என்னவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்தேன். இருபது பஸ்கி போடச் சொன்னார். பதினாலாவதில் கால் நடுங்கிற்று. பக்கத்தில் நின்ற பள்ளிப் பையன் சிரித்துவிட்டான். அச்சிரிப்பு எனக்கு எவ்வளவு நன்மை செய்தது என்று அவனுக்குத் தெரியாது.

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிமிட்டித் திண்ணை என் மனத்தைவிட்டு அகலவில்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் லயத்துக்கு எட்டும் தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. அது காசு கேட்டது. நல்ல பள்ளியும் நல்ல மருத்துவமும் தொலைவில் இருந்தன. களைத்த உடம்பு எதைத் தேடும்? அருகில் இருப்பதைத்தான் தேடும். கள் விற்ற இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் போட்டுவைத்ததும் உண்டு. குடித்தவன் காசிலேயே குடித்தவனுக்கு நன்மை! இதை எதிர்த்துத்தான் 1940 களின் பிற்பகுதியில் ஆற்றுக்கு அப்பால் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் திரண்டார்கள். அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிடோங்கில் நடந்த மறியலில் போலீசாரின் தாக்குதலுக்கு உள்ளாகி ஒரு தொழிலாளி உயிர் துறந்தார்.

ஆகவே, அருகு, தொலைவு என்பவை இயற்கை விதித்தவை அல்ல. எதை நம் காலடியில் வைப்பது, எதை 23 கிலோமீட்டருக்கு அப்பால் வைப்பது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். இன்றும் எங்கள் அலுவலகத்திலிருந்து ஐம்பது அடியில் இனிப்புப் பானம் கிடைக்கிறது. பஸ்கி போட இடமில்லை. முன்பு கள், இன்று சீனி. கடை மாறியதே தவிரத் தூரம் மாறவில்லை.

இவ்வளவும் சொன்னதால், காசு வாங்கும் கூடமெல்லாம் தீது, காசு வாங்காததெல்லாம் நன்று என்று நான் தீர்ப்பளிப்பதாக எண்ணவேண்டா. வீட்டுக்கு வந்து என் துணைவியாரிடம் வீரமாகக் கதையை முடித்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "எனக்கும் என் தாயார் வழியில் அதே நோய் உண்டு. இரவு எட்டரை மணிக்கு அந்தச் செம்மண் பாதையில் தனியே நான் வண்டி ஓட்டி வரட்டுமா?" எனக்கு விடை இல்லை. அவருக்கு அந்த மூன்று நிமிடம் சோம்பலுக்கு விலையன்று, பாதுகாப்புக்கு விலை. பட்டணத்துக் கூடத்தில் பெண்களுக்கென்று தனி நேரமும் உண்டு. ஆகவே என் சந்தாவை நிறுத்தி, அவர் பெயரில் கட்டினோம். அவர் மாதத்தில் பத்து நாளுக்குக் குறையாமல் போகிறார். ஒரே தொகை, ஒருவர் கையில் வீண்செலவு, மற்றொருவர் கையில் முதலீடு. இதை எந்த ஐந்தொகையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் வாரம் இரண்டு நாள் பழைய கள்ளுக்கடைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் ஆற்றோரம் வேகமாக நடக்கிறேன். இலவசம் என்பது யாரோ ஒருவர் கொடுப்பது என்பதையும் கற்றுக்கொண்டேன். மின்சாரச் செலவை லாரி ஓட்டுநர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆசான் தம் மாலைகளைக் கொடுக்கிறார். நான் பணம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "கணக்குத் தெரிஞ்ச பிள்ளை, இந்தப் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு" என்றார். இப்போது சனிக்கிழமைகளில், பயிற்சிக்கு முன் ஒரு மணி நேரம், அதே திண்ணைமேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஏழு பிள்ளைகள் அமர்கிறார்கள். கள் அளந்த மேடையில் பின்னம் அளக்கிறோம். கண்ணாடிக் கிளாசு எங்கே போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

ஆறு மாதத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில் 5.8 என்று வந்தது. மகிழ்ச்சிதான்; ஆயினும் அது மீண்டும் ஏறக்கூடிய எண் என்பதை என் தந்தையாரின் நாற்காலி எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒன்று பிள்ளைகள் இன்றிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது. தரையும் சமமாக இருக்கிறது. மாலையில் தேகாப்பியாசத்துக்கு அதைத் திறந்துவிடுமாறு நிர்வாகிக்கு விண்ணப்பம் எழுதி, தொழிலாளர் நாற்பத்தொருவரின் கையொப்பத்தோடு சென்ற வாரம் கொடுத்திருக்கிறேன். கையொப்பங்களுள் என்னுடையதும் ஒன்று; வரிசையில் பதினேழாவது. விடை இன்னும் வரவில்லை. வந்தால், 23 கிலோமீட்டர் சிலருக்கேனும் இருநூறு அடியாகக் குறையும். வயதான பெண்களும் பிள்ளைகளும் நடந்தே வந்துவிடலாம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் படிக்கும் அன்பர்களே! அருகிலுள்ளதற்குப் பணம் கட்டுவதா, தொலைவிலுள்ளதற்கு வண்டி ஓட்டுவதா என்ற கணக்கை அவரவர் வீட்டில் அவரவர் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே விசாரியுங்கள்.